முட்டை வேனின் பின்சக்கரம்

என் பெயர் மேலே பதிவாகியுள்ளது. ஆனால் முட்டைக்கார அக்கா என்று கேட்டால்தான் யாரும் வழி காட்டுவார்கள். வயது முப்பத்தெட்டு. சந்தைக்குப் பின்தெருவில், மாடி வீட்டில், என் தங்கையுடனும் அவள் கணவருடனும் குடியிருக்கிறேன். சொந்த வேனில் கடைகளுக்கு முட்டை போடுவது என் தொழில். திருடு போனதாகச் சொல்லப்படும் பின்சக்கரம் அந்த வேனுடையது. புகார் கொடுத்தவர் தங்கை கணவர். பிடித்து வைக்கப்பட்டிருப்பவர் எங்கள் மெக்கானிக். கமான் அண்ணன் என்று கூப்பிடுவோம்.

என் வேன் பெரும் பாரம் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதால், பின்சக்கரங்களின் குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டைகள் விறைப்பாக இருந்தன. பள்ளத்தில் இறங்கினால் தூக்கிப் போட்டு, முட்டை தட்டுத் தட்டாக உடைந்தது. பக்கத்துக்கு ஒரு பட்டையைக் கழற்றிவிடுவது முட்டை வண்டிக்காரர்கள் பலரும் செய்வதுதான். கமான் அண்ணனிடம் கேட்டேன். "கழட்டினா மெத்துன்னு போகும்மா. ஆனா வளைவுல சாயும், மிச்சப் பட்டை தாங்காது. நான் செய்ய மாட்டேன்" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு பட்டறையில் கழற்றினேன். அதன் பிறகு முட்டை உடையவில்லை. வளைவுகளில் வண்டி ஆடியது. தொட்டில் மாதிரி போகிறது என்று நானே பெருமையடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு தங்கைக்கு அறுவை சிகிச்சை செய்து பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது தையல் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். என் வேனைவிட மெத்தென்ற வண்டி ஏது என்று முட்டைத் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, மெத்தை விரித்து, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு மேலே போனேன்.

அந்த நேரம் யாரையோ பார்க்க வந்த கமான் அண்ணன், வண்டியின் பின்பக்கம் ஒருபுறம் தொங்குவதைக் கண்டு மூலையைக் கையால் அழுத்திப் பார்த்திருக்கிறார். ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டிய வண்டி நிற்காமல் ஆடியிருக்கிறது. அதன் பிறகு அடியில் படுத்துப் பார்த்ததில் ஷாக் அப்சர்பரில் எண்ணெய் ஒழுகியதையும், பின் அச்சை நேராகப் பிடித்திருக்கும் பெரிய பட்டை விரிசல் விட்டிருப்பதையும் கண்டிருக்கிறார். என்னைப் போனில் அழைத்திருக்கிறார். குழந்தை தூங்கியதால் நான் சத்தத்தை அணைத்திருந்தேன். அதன் பிறகு காவலாளியிடம் விவரம் சொல்லிவிட்டு, சக்கரத்தைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துத் தன் கடைக்குக் கொண்டுபோனார். அங்கேயே விட்டுப் போனால் திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். என்னை அளந்து வைத்திருக்கிறார்.

அந்தக் காவலாளி வேலை முடிந்து போய்விட்டார். முதலில் கீழே வந்தவர் தங்கை கணவர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. புது அப்பாவுக்கு அது இன்னும் மட்டு. உடனே போலீசைக் கூப்பிட்டார். ஸ்கூட்டரில் சக்கரம் போனதைப் பார்த்தவர்கள் அடையாளம் சொல்ல, கமான் அண்ணனைக் கடையிலிருந்து பிடித்து வந்தார்கள். தங்கையை வாடகைக் காரில் வீட்டில் விட்ட பிறகுதான் போனில் கமான் அண்ணன் அழைத்திருந்ததைக் கண்டேன்; ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து வேனுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். விரிசலில் என் நகம் உள்ளே இறங்கியது. எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் ஆற்றுப்பாலத்து வளைவு இருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எங்களுக்குச் சக்கரத்தோடு போயிற்று.

நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். பெஞ்சில் இருந்த கமான் அண்ணன் என்னைக் கண்டதும், "பாப்பா வீட்டுக்குப் போயிடுச்சாம்மா?" என்றுதான் கேட்டார். நான் அழுதேன்.

சக்கரத்தை எடுக்க அனுமதி கொடுத்தீர்களா என்று அதிகாரி கேட்டதற்கு என் பதில்: இல்லை. கேட்காமல்தான் எடுத்தார். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். தங்கையையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

நடந்ததை நடந்தபடியே சொன்னேன், படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது. நன்றி சொல்ல இந்தத் தாளில் இடமில்லை என்று எழுதுகிற காவலர் சொன்னார். அதை எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். கமான் அண்ணனுக்கு நன்றி.

(ஒப்பம்)