அறிக்கையில் இடம்பெறாத பெயர்

2024 ஒக்டோபர் 14. மல்லாவியிலுள்ள எமது வங்கிக் கிளை அன்று அனுப்பிய கடிதத்தில் ஒரு வாக்கியமேனும் ஒழுங்காக முடியவில்லை. முப்பத்தோராண்டு தமிழ் கற்பித்த எனக்கு அதை வாசிக்கவே குமட்டியது. கொழும்பு நிறுவனமொன்றிலிருந்து வங்கி அட்டைகளின் விபரங்கள் களவுபோய்விட்டன. தாம் செய்யாத கொடுக்கல்வாங்கல் இருப்பின் வாடிக்கையாளர் அறிவிக்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

கடிதம் எனக்கன்று, பேச்சியம்மாவுக்கு வந்தது. அவர் கண்ணிற் புரை விழுந்தவர். குவைத்திலிருந்து மகள் அனுப்பும் பணத்தை நான்காண்டுகளாக நானே இயந்திரத்தில் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் தெருவில் ஆறு பேர் இவ்வாறு அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் என்னிடம் ஒப்படைத்திருந்தனர். பேச்சியம்மாவின் அட்டை வெற்றிலை நாறும் சீலைத்துண்டில் சுற்றப்பட்டிருக்கும், தொட்டபின் கைகழுவுவேன். என் சிரமத்துக்கு ஏதும் தர அவருக்குத் தோன்றாமையால், நானே எடுத்துக்கொண்டேன். அது மாதந்தோறும் சிறிது வளர்ந்தது.

"எனக்கு என்னங்க தெரியும் மாஸ்டர்? நீங்களே எழுதிப் போடுங்க" என்றார்.

எழுதினேன். நான் எடுத்தவை அனைத்தும் அவர் அறியாதவை என்று முறைப்பாடு எழுதினேன். அதில் பொய்யில்லை, அவர் அறியார்.

அத்தகைய முறைப்பாடு கிடைத்தால், சந்தேகத்திற்கிடமான கொடுக்கல்வாங்கலென மேலிடத்துக்கு அறிக்கையிடுவது வங்கியின் கடமை. அதற்குப் பொறுப்பான கஜேந்தினி என் மாணவி.

"ஆரிலயும் சந்தேகம் இருக்கோ சேர்?"

பேச்சியம்மா ஒரேயொருமுறை அட்டையை என்னிடமிருந்து வாங்கிச் சென்று, முன்ஸிரின் கடையில் கொடுத்துப் பொருள் வாங்கியிருந்தார். தொண்ணூறில் ஏனைய முஸ்லிம்களோடு இடம்பெயர்ந்து, இருபதாண்டுகளின்பின் புத்தளத்திலிருந்து திரும்பிக் கடை திறந்தவர் அவர். அந்தக் கொள்வனவை மட்டும் குறிப்பிட்டேன்.

"மெசின் கமராவில எல்லாத்திலயும் நீங்கள்தான் நிக்கிறியள் சேர்" என்று சிரித்தாள். "கொழும்பில இருக்கிறவைக்கு எங்கட ஊர் வழக்கம் விளங்காது. உங்களைப் பிழையா நினைச்சுப்போடுவினம். நான் அதை அறிக்கையில போடேல்லை."

இதைச் சொல்வதற்குக் கதிரையிலிருந்து எழுந்து நின்றாள். அந்தப் பணிவு எனக்கு அருவருப்பூட்டியது.

அந்த அறிக்கையின்பேரில் பொலிசார் தன்னை விசாரணைக்கு அழைத்த அன்று முன்ஸிர் என் வாசற் படலையில் நின்றார். "அவட காட் உங்களிட்டத்தானே சேர் இருக்குது. பொலிசிட்ட ஒருக்காச் சொல்லுங்கோவன்."

கெஞ்ச வேண்டாம் என்றேன். இரண்டு மாதமாக அவர் விசாரணைக் கைதியாக விளக்கமறியலில் இருக்கிறார். கடை பூட்டிக் கிடக்கிறது. அவர்மீது நான் எக்குற்றமும் சுமத்தவில்லை.

தலைமையகத்திலிருந்து நீங்கள் அனுப்பியவர் இப்போது கமராப் பதிவுகளை மீண்டும் பார்த்து, அட்டைகளைப் பறித்துச் சென்றுள்ளார். ஆம், பணத்தை எடுத்தவன் நானே. ஆயினும் நான் வங்கிப் பதவியிலிருந்தவன் அல்லன். எழுதவேண்டிய கடமை கஜேந்தினிக்கே இருந்தது. அவளைப் பணிநீக்கம் செய்யுங்கள்.

பேச்சியம்மாவின் அட்டையை என்னிடம் திருப்பித் தாருங்கள். நாளை குவைத்துப் பணம் வரும் நாள். அந்தக் குருட்டுக் கிழவிக்கு என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்?