வேர் பிடிக்கிற வரைக்கும்

– ஆடாம இருங்க மாமா. ஒரே ஒரு தடவை புடிச்சு இழுத்துப் பாக்குறேன்.

– கைய எடு மாப்ள! ஆறு வருஷத்துல இப்பத்தான் மொட்டு விட்டிருக்கு. நீ இழுக்குற இழுப்புல அத்தனையும் பொலபொலன்னு கொட்டிடும்.

– கொட்டட்டும்! சாயங்காலம் கப்பல் கிளம்புது. வாசல்ல டாக்ஸி நிக்குது. சமையல்காரர் நீங்க இல்லாம கப்பல்ல அத்தனை பேரும் என்னத்தத் தின்பாங்க? அக்கா, நீயாவது சொல்லேன்.

– நான் என்னத்தடா சொல்ல? அவர் தோளு, அவர் செடி. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுப்பா.

– ஒண்ணும் தெரியாதா? உன் புருஷன் தோள்ல ஆர்க்கிட் செடி உக்காந்திருக்கு அக்கா!

– உக்காந்திருக்குதான். மூணு வாரம் முன்னாடி வரைக்கும் ஜன்னல்ல ஒரு மரப்பட்டையில தொங்கிட்டு இருந்துச்சு. மத்தியானம் அவர் அதுக்குக் கீழதான் நாற்காலியில தூங்குவார். ஒரு நாள் எழுந்து பாத்தா தோளுக்கு மாறியிருக்கு. பட்டை புடிக்கல போல.

– செடி எங்கயாவது வீடு மாறுமா?

– நிதானமா யோசி மாப்ள. இது மண்ணுல வளர்ற ஜாதி இல்ல. காட்டுல மரத்து மேல தொத்திக்கிட்டு, காத்தையும் மழையையும் குடிச்சே காலத்த ஓட்டும். மரத்துக்கிட்ட ஒரு வாய் கேக்காது. அவ்வளவு கௌரவமான விருந்தாளி.

– அதுக்கு மரம் வேணும் மாமா. நீங்க என்ன மரமா?

– உங்க அக்கா பல தடவை அப்படித்தான் சொல்லியிருக்கா.

– அய்யோ, எனக்குத் தலை சுத்துது. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

– காட்டினோம்டா தம்பி. விளக்கு அடிச்சுப் பாத்தார். ரெண்டு பேரையும் மூச்ச இழுத்து விடச் சொன்னார்.

– உன்னையும் மாமாவையுமா?

– இவரையும் செடியையும். அப்புறம், பிடுங்கவே கூடாது, பூத்து முடிஞ்சதும் எனக்கு ஒரு கன்னு குடுங்கன்னுட்டார்.

– வெளங்கிடும். கேப்டன் என்ன சொன்னார் மாமா?

– போன் போட்டுக் கேட்டேன். சார், தோள்ல ஆர்க்கிட் இருக்கு, அப்படியே வரலாமான்னு. கப்பல் அடுப்படிச் சூடு அதுக்குத் தாங்குமான்னு கேட்டார். தாங்காது சார்னேன். அப்ப அதை விட்டுட்டு வா, இல்ல நீயும் வராத, வேற ஆள் ரெடியா இருக்கான்னு வச்சுட்டார்.

– கேட்டியா அக்கா? இன்னிக்கு ஏறலைன்னா வேலை காலி! கல்யாணத்துக்கு முன்னாடியேர்ந்து பாக்குற வேலை.

– தெரியும்டா. பத்து மாசம் கடல், ரெண்டு மாசம் வீடு. அந்த ரெண்டு மாசமும் இவருக்கு ஜன்னலோரம்தான். மீதி பத்து மாசம் யார் பாக்குறா? நான்தானே! வேர் வெள்ளையா இருந்தா தாகம், பச்சையானா போதும், குருத்துல தண்ணி தேங்கினா அழுகிடும். நடுக்கடல்லேர்ந்து போன் போட்டா மொதல்ல, செடி எப்படி இருக்குன்னுதான் கேப்பார்.

– அப்புறம் உன்னையும் கேப்பேன்ல?

– அதுக்குள்ள சிக்னல் போயிடும்.

– உங்க பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்கோங்க. டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார். மாமா, இப்படியே எப்படிப் படுக்குறீங்க, எப்படிக் குளிக்கிறீங்க?

– படுக்கிறது எங்க? உக்காந்தேதான் தூக்கம். குளியல் நிதானமா நடக்கும். வலது பக்கம் சோப்பு, இடது பக்கம் மழைத்தண்ணி. சட்டைதான் பிரச்சனையா இருந்திருக்கும். நல்லவேளை, இவ எல்லாச் சட்டையிலயும் இடது தோளை வெட்டி, ஓரம் மடிச்சு, அழகாத் தச்சுக் குடுத்துட்டா.

– எல்லாச் சட்டையையுமா? எப்ப அக்கா தச்சே?

– அன்னிக்குக் காலையிலயே உக்காந்து தச்சு முடிச்சிட்டேன்டா.

– இரு, இரு. செடி மாமா தோளுக்கு ஏறினது எப்ப?

– மத்தியானம்னு சொன்னேனே.

– சட்டை காலையிலயே தயாரா?

– எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுப்பா. நான் போய் அடுப்பப் பாக்குறேன்.

– அடுப்புல ஒண்ணும் இல்ல, நில்லு. மாமா, அந்தக் கைய லேசாத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். அடிப்பாவி அக்கா! அக்குளுக்குக் கீழ சுத்திச் சுத்தி நூல் ஓடுது! பட்டையில புதுசா செடி வச்சா, வேர் பிடிக்கிற வரைக்கும் இப்படித்தானே கட்டுவீங்க?

– ஆமாடா, கட்டினேன். இவர் தூங்கிட்டு இருந்தப்ப நான்தான் கட்டினேன். இப்ப என்னங்கிறே? மொட்டு விட்ட செடிய இவர் அசைக்கவே மாட்டார்னு எனக்குத் தெரியும். என்னை விட்டுட்டுப் போறதுக்கு இவருக்கு ஒரு பெட்டி போதும். அதை விட்டுட்டுப் போக மனசு வராது.

– அதுக்காக மனுஷன் மேல செடியக் கட்டுவியா?

– மூணு வாரமா என் கண்ணு முன்னாடியே உக்காந்திருந்தார்டா. சாப்பாட்டுல உப்பு பத்தலைன்னார், நான் திட்டினேன், அவரும் திட்டினார். பேசி முடிக்கிறதுக்குள்ள சிக்னல் போகல. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?

– அக்கா, அழாத. மாமா, நல்லா ஏமாந்தீங்க. வேர் இன்னும் ஒட்டவே இல்ல, வெறும் நூல்தான் நிக்குது. கத்திரிக்கோல் இங்கதான் இருக்கு. ரெண்டே வெட்டு. செடிய அப்படியே அலுங்காமப் பட்டையில வச்சிடலாம். நீங்க வேட்டி சட்டைய மாத்திட்டு ஏறுங்க.

– வெட்டுடா தம்பி. இவருக்குத் தெரிஞ்சு போச்சு, இனிமே எங்க உக்காருவார்? போகட்டும்.

– கத்திரிக்கோல கீழ வை மாப்ள. அவ கட்டின முடிச்சு அன்னிக்கு சாயங்காலமே அவுந்து போச்சு. இது, அவ குளிக்கப் போனப்ப, ஒத்தக் கையாலயும் பல்லாலயும் நான் கட்டினது.