மேல் வரிசை

பாசி படிந்த கல்லைச் சுத்தம் செய்யத் தண்ணீரும் ஒரு மெல்லிய தூரிகையும் போதும். சோப்பு போடக் கூடாது, அமிலம் கூடவே கூடாது. கல்லறைத் தோட்டத்துக் காவலாளிக்கு இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவான், பிறகு தன் இஷ்டத்துக்குச் செய்வான். உங்கள் போலீஸ் ஆட்களும் அப்படித்தான். மேல் வரிசையில் கிடந்தவளை அளக்கிறேன், படமெடுக்கிறேன் என்று வந்தவர்களில் ஒருவர் என் தாயார் கல்லின்மேல் காலை வைத்து நின்றார். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதைச் சொல்கிறேன்.

அங்கே ஏன் வாராவாரம் போகிறீர்கள் என்று கேட்டீர்கள். உயிரோடு இருப்பவர்களின் சகவாசம் எனக்கு ஒத்துவரவில்லை. அங்கே எல்லோரும் தத்தம் இடத்தில் இருக்கிறார்கள். கீழ்வாசலில் நுழைந்து கீழ் வரிசையைத் தாண்டியதும் தபால் அதிகாரி, அவருக்கு இரு பக்கமும் இரண்டு மனைவிகள். எதிரெதிர் வீட்டில் குடியிருந்துகொண்டு ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காமலே காலத்தை ஓட்டியவர்கள். இப்போது ஒரே கொடி இருவர் கல்லையும் சேர்த்துப் பின்னியிருக்கிறது. கொஞ்சம் மேலே மருந்துக்கடைக்காரர். ஊருக்கெல்லாம் மருந்து கலந்து கொடுத்தவர், ஒரே மழைக்காலத்தில் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தார். அந்த மூன்று கற்களும் என் முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்கும் மேலே பாட்டு வாத்தியார். அவர் கல்லில் வெறுமனே ‘அமைதி’ என்று வெட்டியிருக்கிறது. அவர் பாட்டைக் கேட்டவர்கள் யாரோதான் வெட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வாழ்க்கையை நான்கு வரியில் அடக்கி, பிழையில்லாமல் வெட்டி நட்டுவிட்டால் அதன்பிறகு அதில் யாரும் கைவைக்க முடியாது. அந்த நிம்மதி உங்கள் வயதில் புரியாது.

தோட்டம் ஒரு சரிவில் இருக்கிறது. கீழே கைத்தொழில்காரர்கள், நடுவில் உத்தியோகஸ்தர்கள், உச்சியில் எங்களைப் போன்ற சில குடும்பங்கள். யாரும் சட்டம் போட்டு இப்படி ஆகவில்லை. மண்ணுக்கே தெரிந்திருக்கிறது.

சில வருடங்களாக ஞாயிறு காலையில் ஒரு கூட்டம் வருகிறது. ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் ஒருவர் பழைய கல்லறைகளைச் சுற்றிக் காட்டக் கிளம்பியிருக்கிறார். கூடை அளவுக்கு ஒரு தொப்பி. தொப்பிக்காரர் என்றுதான் நான் சொல்வேன். பின்னால் தண்ணீர் பாட்டிலும் கேமராவுமாக ஒரு பட்டாளம். செத்தவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் தங்களுக்கும் கொஞ்சம் கனம் வந்துவிடும் என்று நினைப்பு. கடைசியாக என் தங்கையின் கல்லுக்கு வருவார்கள். அங்கே தொப்பிக்காரர் குரலைத் தாழ்த்துவார். பத்தொன்பது வயதில் விஷக்காய்ச்சலில் போன பெண். ஊர் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நீதிபதி அப்பா. கல்யாணமே வேண்டாமென்று தங்கையின் நினைவோடு வாழ்ந்துவிட்ட அக்கா. பிறகு கல்லில் உள்ளதைப் படிப்பார்: ‘இவள் எங்களை விட்டு ஒருநாளும் பிரிந்ததில்லை.’ பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், பூ வைப்பார்கள். அந்த வரி நான் எழுதியது. சற்றுத் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கூட்டத்தை நான் மதித்ததில்லை. ஆனால் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதுமில்லை.

அந்தக் கல்லுக்கு அடியில் அவள் இல்லை என்பது உங்களுக்கு இப்போது தெரியும். அவள் ஒரு மத்தியானம் யாரோ ஒருவனோடு போய்விட்டாள். யாரோடு என்று அப்பா விசாரிக்கவில்லை. விசாரித்தால் நான்கு பேரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும், அதைவிடத் தலைக்குனிவு வேறில்லை. “போனவ செத்துட்டா” என்றார். அவ்வளவுதான். மலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதாகவும், தொற்றுக்காய்ச்சலில் அங்கேயே போய்விட்டதாகவும், பெட்டியைத் திறக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதாகவும் ஊருக்குச் சொன்னோம். பெட்டிக்குள் அவள் துணிமணிகளும், எடைக்கு அப்பாவின் பழைய சட்டப் புத்தகங்களும் இருந்தன. ஊரே வந்தது. அப்பா வாசலில் நின்று ஒவ்வொருவர் ஆறுதலையும் நிமிர்ந்த முதுகோடு ஏற்றுக்கொண்டார். கல்லுக்குச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார். ஆற்றோரத்தில் இருந்த கல்தச்சர் பட்டறைக்கு நானே போய், வாசலில் நின்று, வரியைச் சொல்லி, எழுத்து எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழம் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த மாதத் தொடக்கத்தில், தொப்பிக்காரர் என் வரியைப் படித்து முடித்த நேரத்தில், கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. பருத்த உடம்பு, ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை. மேலேறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுக்குங்க சார். அந்தப் பொண்ணு நீங்க சொல்ற அளவுக்கு நல்லவ இல்ல.”

“உங்களுக்கு அவங்களைத் தெரியுமாம்மா?”

“தெரியுமாவா? ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தோம்.”

“அப்ப அடுத்த வாரம் நீங்களே கதை சொல்லிடுங்க, என் தொண்டையாவது மிஞ்சும்” என்றார் தொப்பிக்காரர். கூட்டம் சிரித்தது. அவள் நேராக என் பெஞ்சுக்கு வந்தாள்.

“என்னக்கா, அடையாளம் தெரியலையா? செத்தவங்களுக்கு வயசாகாதுன்னு நெனச்சுட்டியா?”

தெருவில் நின்று பேசுவது எங்கள் வழக்கமில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனேன். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி முக்கிச் சாப்பிட்டாள். நடுநடுவே பையிலிருந்து, மூச்சு முட்டினால் இழுக்கிற மருந்துப் பம்ப் ஒன்றை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டாள்.

“கல்லுத் தூசிக்கா. நாப்பது வருஷம் பட்டறையில உக்காந்தா நெஞ்சு கல்லாயிடும். உனக்குத் தூசி படாமலே ஆயிடுச்சு.”

அவள் போனது அந்தக் கல்தச்சரின் மகனோடு. நான் கல்லுக்குச் சொல்லப் போன வீட்டில்தான் அப்போது இருந்திருக்கிறாள், வெளியூர்ப் பட்டறைக்குப் போனது அதன்பிறகுதான். ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரிக்கிற குடும்பமில்லை நாங்கள்.

“நீ வாசல்ல நின்னு சொல்லச் சொல்ல நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டிருந்தேன்” என்றாள். “உன் குரல் ஒரு தடவை உடைஞ்சா போதும், வெளிய ஓடி வந்து உன்னக் கட்டிக்கலாம்னு நின்னேன். நீ எழுத்து எவ்வளவு உயரம் இருக்கணும்னு சொல்லிட்டுக் கிளம்பிட்ட.”

“எழுத்து சின்னதா இருந்தா தூரத்துல இருந்து படிக்க முடியாது” என்றேன்.

அவள் இன்னொரு பிஸ்கட்டை முக்கினாள். “மாமனார் என் கல்லுக்கு மெருகு போட்டப்ப தண்ணி ஊத்திக் குடுத்தது நான்தான். எங்க வீட்டுல அது பெரிய சிரிப்பு. என் பசங்க தூங்கறதுக்கு முன்னால அந்தக் கதையத்தான் கேப்பாங்க.”

நான் எழுதிய வரியை ஒரு பட்டறை வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அதை அவள் ஏதோ பாசமான சமாச்சாரம்போல என்னிடம் சொன்னாள்.

அவள் வந்த காரியம் வேறு. புருஷன் போய்விட்டான். அவனைக் கொண்டுவந்து கீழ் வரிசையில் அவன் அப்பா பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அவனுக்குப் பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் கேட்டிருக்கிறாள்.

“என் பேரையும் அப்பா பேரையும் எழுதிக் குடுத்தேன். உங்களுக்குத்தான் ஏற்கெனவே மேல இடம் இருக்கே, ஒரு ஆளுக்கு ரெண்டு இடம் தர மாட்டோம்னுட்டான் அந்த ஆபீஸ்காரன். அழறதா சிரிக்கறதான்னு தெரியல. கல்லை எடுத்துடுக்கா. நீயே எடுத்துட்டா சத்தமில்லாம முடிஞ்சுடும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை அந்தத் தொப்பி சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்.”

“அப்பா பொய் சொன்னார்னு ஊர் பேசணுமா?”

“பொய்தானேக்கா சொன்னாரு.”

வெளியே மழை தூறுகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அப்பாவின் தீர்ப்பை மேல்கோர்ட்டுகூட மாற்றியதில்லை. அதை மாற்ற ரப்பர் செருப்போடு ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள், ஒரு கல்லுடைப்பவன் பக்கத்தில் படுத்துக்கொள்வதற்காக. நான் கோபப்படவில்லை. இதற்கெல்லாம் கோபப்பட்டால் அவளைப் பொருட்படுத்தியதாக ஆகும்.

சனிக்கிழமை போன் செய்து, கூட்டம் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வா, அம்மா கல்லைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். மறுநாள் காலை வந்தாள். மகனை அழைத்து வரவில்லை. “நாம ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கலாம்னுதானே கூப்பிட்ட” என்றாள். முகம் கழுவப் போனாள். அவள் பையிலிருந்து பம்பை எடுத்துச் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் அங்கேதான் அதை எடுத்தீர்கள். ஏன் தூக்கி எறியவில்லை என்று உங்களுக்கு ஆச்சரியம். அது அடுத்தவர் பொருள். எங்கள் வீட்டில் அடுத்தவர் பொருளை எறிகிற பழக்கம் கிடையாது.

பையை நானே தூக்கிக்கொண்டேன். “மூத்தவ தூக்குனா என்ன” என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

உச்சிக்குப் போக வண்டிப் பாதை ஒன்று உண்டு, சுற்று வழி. நான் படிக்கட்டு வழியாகப் போனேன். அவள் பேசிக்கொண்டே வந்தாள், அப்புறம் பேச்சில்லாமல் வந்தாள். மேலே போனதும் தன் கல்லின் அடியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அம்மாவின் கல்லைப் பார்த்தாள்.

“அம்மா... என்னக் கேட்டாங்களாக்கா?”

“இல்ல” என்றேன்.

அம்மா கேட்டார். கடைசி நாள்வரை, ஒவ்வொரு நாளும் கேட்டார். அதை இவளிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

பை, பை என்று சைகை காட்டினாள். கொடுத்தேன். நான் கொடுக்கவில்லை என்று யாரும் எழுதக் கூடாது. உள்ளே துழாவினாள், பிறகு பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். கைக்குட்டை, சீப்பு, எனக்குக் காட்டக் கொண்டுவந்த பேரக்குழந்தைகளின் படங்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எதையும் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்துகொள்வாள், சின்ன வயதிலிருந்தே அப்படி. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கீழ்வாசலில் கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது. தொப்பிக்காரர் தபால் அதிகாரியின் மனைவிகளைப் பற்றிச் சொல்வது உச்சிவரை தெளிவாகக் கேட்டது. அப்படியானால் நான் கூப்பிட்டிருந்தால் அவர்களுக்கும் கேட்டிருக்கும் என்கிறீர்கள். கேட்டிருக்கும். பொது இடத்தில் நான் குரலை உயர்த்தியதில்லை.

அதிக நேரம் ஆகவில்லை. அவர்கள் பாட்டு வாத்தியாரிடம் வந்தபோது முடிந்திருந்தது. அவள் புடவையைக் கணுக்காலுக்கு இழுத்துவிட்டேன், கூட்டம் பார்க்குமே என்று. என் தங்கையை நான்தான் கொன்றேன். இதில் சுற்றி வளைத்துப் பேச ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் மகன் வெளியே உட்கார்ந்திருக்கிறான், அவளைக் கீழ் வரிசையில் வைக்க வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறான் என்று சொன்னீர்கள். அவன் அங்கே இல்லை, அவனுக்குத் தெரியாது. கடைசி மூச்சில் அவள் கீழ் வரிசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள், என்னிடம்தான் கை நீட்டினாள். எங்கெங்கோ ஓடிவிட்டு, முடிவில் குடும்பத்திடம்தான் வந்தாள். நான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, எங்களுக்குள் அப்படியெல்லாம் காட்டிக்கொள்வது கிடையாது. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.