செவலையைக் கூப்பிட ஒரு மூடி

மீனாட்சிபுரத்தில் பாலக்காடு பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு கணவன், மனைவி. கணவர் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அதை விரலால் அடைத்தால்தான் பேச்சு வரும்போல.

“இவரு கூப்புட்டுப் பேசாட்டி எங்க செவலை பால் விடறதில்லீங்கக்கா,” என்றாள் மனைவி, பக்கத்திலிருந்த பெண்ணிடம். “கறக்கறப்ப ரெண்டு கையும் மடியில இருக்குது. குழாயை யாரு அடைக்கறது?”

“நீ அடைக்கறது அம்மணி!”

“நான் கிட்டப் போனா உதைக்குதுங்க. அதான் இதைத் தெச்சேன்.”

அவள் எடுத்துக் காட்டிய கழுத்துப்பட்டையில் ஒரு ரப்பர் மூடி. தாடையால் அமுக்கிப் பேச வேண்டும். தாடையை எடுத்ததும் அடியிலிருக்கும் ஸ்பாஞ்சு மூடியைத் தூக்கிவிடுமாம்.

“தூக்கலைன்னா?”

“மூச்சு முட்டிக்குமுங்க. அதனாலதான் போன தடவை டாக்டர் வேண்டாம்னுட்டாரு. இப்ப ஸ்பாஞ்சை மாத்தியிருக்கறேன். காட்டத்தான் போறோம்.”

அதற்குள் அவர் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

“ஏனுங்க, பஸ்ஸுலயா?”

தாடையைத் தாழ்த்தினார். “செவலை...”

நிமிர்ந்தார். நான் மூச்சை விடவேயில்லை. மூடி எழுந்தது.

“மொதப் பேச்சும் மாட்டுக்குத்தானா?” என்றாள் மனைவி.

மறுபடி தாடை தாழ்ந்தது. “உன்னையக் கூப்புட்டா நீயும் உதைப்பியே.”

இந்தத் தடவையும் மூடி எழுந்தது.