அம்மா இருக்கிறவர்களுக்குச் சிவப்பு

— அந்தப் பேர்ல இந்த ஊர்ல யாரும் கிடையாது, மிஸ் ஓசெல்லா. எங்கயோ தப்பு நடந்திருக்கு. நீங்க என் பூவைக் குடுங்க, நான் கிளம்பறேன்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன், கண்ணு. இத்தனை காலமா இந்த ஊர்ல பூக்கடை வச்சிருக்கேன், யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காரியம், எல்லாம் என் கை வழியாத்தான் போகுது. எனக்குத் தெரியாம ஒரு ஆளான்னு, ஆர்டர் குடுத்த மாண்ட்கோமரிப் பூக்கடைக்காரன்கிட்ட போன்ல சண்டையே போட்டேன். அவன் விடல. திருமதி ஐடெல் காடிஸ். டிப்போ தெரு, சலவைக்கடை மாடி. மஞ்சள் ரோஜா ஒரு கொத்து. அனுப்புறவர், மகன் ஹாலிஸ்.

— ஹாலிஸ்னு எத்தனையோ பேர் இருக்கான்.

— இருப்பான். ஹாலிஸ் காடிஸ்னு இந்தப் பக்கத்துல ஒருத்தன்தான். பாங்க்குல மேனேஜர். சர்ச்சுல காணிக்கைத் தட்டு தூக்குறவன். அம்மா போயிட்டாங்கன்னு வருஷா வருஷம் அன்னையர் தினத்துக்கு என்கிட்ட வெள்ளை ரோஜா வாங்கி நெஞ்சுல குத்திக்கிறவன்.

— மிஸ் ஓசெல்லா, வெளியில காரை ஆஃப் பண்ணாம வந்திருக்கேன்.

— ஓடட்டும். பெட்ரோல் உன்னுது.

— பாருங்க, அதாவது, நான் அனுப்பச் சொன்னது இங்க இல்ல. மாண்ட்கோமரிக்கு. அங்கயே ஒரு கடையில சொல்லி, அங்கயே குடுக்கச் சொல்றது. எப்பவும் அப்படித்தான் போகும்.

— ஆக, அனுப்பினது நீதான். அந்த ஸ்டூலை இழுத்து உக்காரு. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. தண்ணி தரட்டா?

— அது ஒரு தூரத்து அத்தை. வயசானவங்க. பிள்ளை குட்டி இல்ல. சந்தோஷப்படட்டும்னு மகன்னு போடச் சொல்வேன்.

— ஹாலிஸ், மத்தியானம் அந்தக் கொத்தை நானே கொண்டுபோய்க் குடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு அவங்க வந்தாங்க. உன் நெத்தி, உன் மூக்கு. சிரிச்சா ஒரு பக்கமாக் கோணுற உன் வாய். தூரத்து அத்தைக்கு இவ்வளவு கிட்டத்து முகம் வராது, கண்ணு.

— அவங்க இங்கயா இருக்காங்க? இந்த ஊர்லயா?

— மூணு வாரமா. கீழ சலவைக்கடையில இஸ்திரி வேலை. உன் சட்டையெல்லாம் அங்கதானே போகுது? காலருக்குக் கஞ்சி போடுறது இப்ப அவங்கதான். அதைச் சொல்றப்ப கொஞ்சம் பெருமை கூட.

— கடவுளே.

— அந்த ஜன்னல்லேர்ந்து பாத்தா பாங்க்கு வாசல் தெரியுது. காலையில நீ சாவி போட்டுத் திறக்கிறதைப் பாத்துட்டுத்தான் வேலைக்கு இறங்குவாங்களாம். அது போதும்ங்கிறாங்க.

— என்னைப் பாக்க ஏன் வரல? ஒரு போன் பண்ணியிருக்கலாமே.

— நீ வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கியாமே. வீடு சின்னது, லோரீனுக்கு ஒடம்பு முடியலன்னு. லோரீனுக்கு என்னப்பா ஒடம்புக்கு? போன ஞாயித்துக்கிழமை சர்ச் சாப்பாட்டுக்கு அண்டா நெறைய உருளைக்கிழங்கு சாலட் தனியாளா செஞ்சு தூக்கிட்டு வந்தா. அவ நெறமும் தெம்பும் எனக்கு இருந்தா நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்குவேன்.

— இன்னைக்கு வேண்டாம், மிஸ் ஓசெல்லா. தமாஷ் பண்ணாதீங்க.

— தமாஷ் பண்ணலன்னா நான் அழுதுடுவேன். அதுக்குத்தான்.

— நீங்க அவங்ககிட்ட எதாவது சொன்னீங்களா? வெள்ளைப் பூவைப் பத்தி?

— அதான் காலையிலேர்ந்து, இல்ல, மத்தியானத்துலேர்ந்து என் நெஞ்சைப் போட்டு அறுக்குது. மாடிப்படி இருட்டு. கதவு பாதிதான் திறந்தது, முகம் தெரியல. என் வாய் சும்மா இருக்குமா? கொத்தை நீட்டிக்கிட்டே, எங்க ஊர்லயும் ஒரு ஹாலிஸ் காடிஸ் இருக்கார்மா, தங்கமான மனுஷன், பாவம் அவருக்கு அம்மா இல்ல, நாளைக்கு அவருக்கு வெள்ளை ரோஜா கட்டப்போறேன்னேன். ஈஸ்டருக்குக் கூட மறைந்த அன்னையின் நினைவாகன்னு ஒரு லில்லித் தொட்டி வாங்கி சர்ச்சுல வைப்பார்னேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன். அப்புறம்தான் அவங்க வெளிச்சத்துக்கு வந்தாங்க.

— என்ன சொன்னாங்க?

— நல்ல பிள்ளை போலிருக்கு, அம்மாவை மறக்காத பிள்ளைன்னாங்க. அதைப் பத்தி அவ்வளவுதான் சொன்னாங்க. உன் ரோஜாவை ஒரு ஊறுகாய் ஜாடியில வச்சு, ஜன்னல்ல வைக்கப் போனவங்க, என்ன நெனச்சாங்களோ, எடுத்து உள்பக்கமா வச்சுட்டாங்க. தெருவுலேர்ந்து யாரும் பாத்துடக் கூடாதுன்னு. உனக்காகத்தான், வேற யாருக்கு?

— போதும், மிஸ் ஓசெல்லா.

— ஏம்ப்பா இப்படிப் பண்ணின? உன்னை யாரும் துப்பாக்கி வச்சுக் கேக்கலையே.

— உங்களுக்குச் சொன்னா எப்படிப் புரியும்? பொய் சொல்லணும்னு நான் இந்த ஊருக்கு வரல. வந்த மொத வருஷம், பாங்க்குல குமாஸ்தா. ஒரு ஆளைத் தெரியாது. நீங்க எல்லாரும் சர்ச்சுக்கு வா வான்னு கூப்பிட்டீங்கன்னு வந்தேன். அன்னையர் தினத்தன்னைக்கு, லேட்டா வந்தேன். வாசல்ல ஒரு பொண்ணு, ரெண்டு கையில ரெண்டு கூடை. ஒண்ணுல சிவப்பு ரோஜா, ஒண்ணுல வெள்ளை. அம்மா இருக்காங்களா பிரதர், இல்லையான்னு கேட்டா. இருக்காங்கன்னு சிவப்பை எடுத்தா அடுத்த கேள்வி என்ன?

— எங்க இருக்காங்கன்னு. அதை யாரு கேக்க மாட்டா? நான் மொத ஆளாக் கேட்டிருப்பேன்.

— ஜெயில்ல இருந்தாங்க.

— எதுக்கு?

— கள்ளச்சாராயம். அப்பா போனதுலேர்ந்து சமையக்கட்டுல வச்சு வித்தாங்க. என் செருப்பு, என் புஸ்தகம், காலேஜு, எல்லாம் அந்தப் பாட்டில்லதான். ரெண்டு தடவை எச்சரிச்சு விட்டாங்க. மூணாவது தடவை ஜட்ஜு உள்ள போட்டுட்டார். நான் வாசல்ல நிக்கறேன், உள்ள பாஸ்டர் ஹாஸ்கெல் இந்த மாவட்டத்துக்குள்ள ஒரு சொட்டு சாராயம் வர விடமாட்டேன், விக்கிறவன் பிசாசோட கூட்டாளின்னு பிரசங்கம் பண்றார்.

— மதுவிலக்கு ஓட்டுப் போட்ட வருஷம். ஞாபகம் இருக்கு. அவர் தொண்டை கட்டிப்போய் ஒரு மாசம் தேன் குடிச்சார்.

— என் கை தானா வெள்ளைக் கூடைக்குப் போயிடுச்சு. நான் யோசிக்கக்கூட இல்ல. அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிடுச்சு. இவ்வளவு சின்ன வயசுலயான்னு கேட்டுட்டு, அவளே என் கோட்டுல குத்திவிட்டா.

— லோரீன்.

— லோரீன்.

— அவகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல?

— அடுத்த வாரமே சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவங்கம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. கட்டிப்பிடிச்சு, இனிமே நான்தான் உனக்கு அம்மான்னாங்க. அங்க வந்திருந்த பாஸ்டர் சாப்பாட்டு மேசையில எனக்காக ஜெபம் பண்ணினார். வாயில சோத்தை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? அப்புறம் கல்யாணம். அம்மாவுக்குன்னு முன் வரிசையில ஒரு காலி நாற்காலி போட்டு, அதுமேல பூ வச்சாங்க.

— அந்தப் பூ நான் கட்டினது. அழுதுக்கிட்டே கட்டினேன். காசு கூட வாங்கல. இப்ப கேட்டு வாங்கலாமான்னு இருக்கு.

— வாங்கிக்குங்க. எவ்வளவுன்னாலும்.

— அட, உக்காருப்பா. அந்தம்மா ஜெயில்லேர்ந்து வெளியில வந்தப்பறமாவது சொல்லியிருக்கலாமே?

— வருஷத்துக்கு ரெண்டு தடவை போவேன். லோரீன்கிட்ட பாங்க்கு வேலைன்னு சொல்லிட்டு. அம்மா பீச் பழத்தை மாவுக்குள்ள வச்சு ‘பை’ சுட்டு வச்சிருப்பாங்க. அதைக் காருக்குள்ளயே உக்காந்து தின்னு தீத்துட்டு வருவேன், வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே. என்னைக்குடா கூட்டிட்டுப் போவேன்னு அவங்க ஒருநாளும் கேட்டதில்ல. அதுதான் தாங்க முடியல. ஒரு தடவையாவது திட்டியிருந்தா நான் மனுஷனாயிருப்பேனோ என்னமோ.

— நாளைக்கு சர்ச்சுக்கு வரட்டுமான்னு கேட்டாங்க.

— யாரு?

— உங்கம்மா. கடைசி பெஞ்சுல, உனக்குத் தெரியாம உக்காந்துட்டு, பாட்டு முடிஞ்சதும் எழுந்து போயிடறேன்னாங்க. நான் என்ன சொல்றது? அது என் வீடா, வராதேன்னு சொல்ல?

— வேண்டாம். நீங்க போய்ச் சொல்லுங்க, மிஸ் ஓசெல்லா. நாளைக்கு மட்டும் வேண்டாம்னு. அடுத்த வாரம் நானே போய்ப் பாக்கறேன். மாண்ட்கோமரியிலயே நல்ல வீடா எடுத்துத் தர்றேன். இஸ்திரியெல்லாம் போட வேண்டாம், நான் பாத்துக்கறேன்.

— அதை உன் வாயால நீ போய்ச் சொல்லு. ஒரு சேதியை வாய் தவறிச் சொன்னதே போதும். இதைத் தெரிஞ்சே போய்ச் சொல்ல எனக்கு நாக்கு வராது.

— அப்ப நான் செத்தேன்.

— இல்ல. செத்தது அவங்க. நீ உசுரோடதான் இருக்க. கொஞ்சம் இந்தக் குளிர்பெட்டியைப் பாரு. சிவப்பு இன்னும் மிச்சம் இருக்கு. நல்ல மொட்டு, நாளைக்குக் காலையில சரியா விரியும். ஒரு இலையை வச்சுக் கட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆயிடப்போகுது?

— தட்டைத் தூக்கிட்டு நான் நடுவுல நடந்து போகணும். ஒவ்வொரு பெஞ்சா நிக்கணும். அத்தனை கண்ணும் என் நெஞ்சுலதான் இருக்கும்.

— இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லா வீட்டுலயும் நீதான் பேச்சு. ஒரு மாசம் பேசுவாங்க. நானும் பேசுவேன், என்னால பேசாம இருக்க முடியாது. அப்புறம் வேற எவனாவது எதாவது பண்ணுவான்.

— மத்தவங்க பேசட்டும். லோரீன் முகத்தை எப்படிப் பாக்கறது? மொதல்ல எனக்கு அம்மாவை நெனச்சு வெட்கமா இருந்துச்சு. அது எப்பவோ போயிடுச்சு, மிஸ் ஓசெல்லா. இப்ப வெட்கமெல்லாம் என்னை நெனச்சுதான். ராத்திரி அவ பக்கத்துல படுத்திருக்கிறப்பக் கூட.

— வீட்டுக்குப் போ. கதவைத் திறந்ததும் சொல்லிடு. யோசிக்காத. யோசிச்சா உனக்கு வாய் வராது. அவ கெட்டவ இல்ல.

— அவ நல்லவ. அதனாலதான் முடியல.

— என் பேச்சைக் கேளு, கண்ணு. உனக்காகக் கேக்கல. எனக்காகக் கேக்கறேன்னே வச்சுக்க.

— ஒருநாள் சொல்லத்தான் போறேன்.

— இன்னைக்கு?

— இன்னைக்கு முடியாது. நாளைக்கும் முடியாது. நாள் நல்லா இல்ல, அவ்வளவு கூட்டம். அம்மா கடைசி பெஞ்சுல உக்காந்தா உக்காரட்டும். நான் அந்தப் பக்கம் தட்டை வேற ஆளை எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன். திரும்பிப் பாக்காம இருந்துக்கறேன்.

— அப்படியா?

— அவங்க புரிஞ்சுக்குவாங்க. எப்பவும் புரிஞ்சுக்குவாங்க.

— கடைசியாக் கேக்கறேன், ஹாலிஸ். இதுக்கு மேல கேக்க மாட்டேன். சிவப்பா, வெள்ளையா?

— வெள்ளை.

— நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?

— வெள்ளையைக் குடுங்க, மிஸ் ஓசெல்லா. வீட்டுல தேடுவா.

— உன் பூ இங்க இல்ல.

— இல்லன்னா? திங்கக்கிழமையே சொல்லி வச்சேனே.

— லோரீன் வந்து வாங்கிட்டுப் போயிட்டா. நாலு மணி இருக்கும்.

— லோரீனா? அவ எதுக்கு இங்க வரணும்? நான்தானே எப்பவும் வாங்குவேன்.

— உங்கம்மா வீடு மாறிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல புது விலாசம் குடுத்ததும் மாண்ட்கோமரிக்காரன் காலையில மொதல்ல உன் வீட்டுக்குத்தான் போன் போட்டிருக்கான். உங்கம்மாவோட புது விலாசம் உங்க ஊர்லயே இருக்கு சார், அங்க அனுப்பட்டுமான்னு கேக்க. நீ இல்ல. போனை எடுத்தது லோரீன். அனுப்புங்கன்னு அவதான் சொல்லியிருக்கா.

— …அவ வெள்ளைதானே வாங்கிட்டுப் போனா?

— சிவப்பு. வாங்கிக்கிட்டு நேரா டிப்போ தெருவுக்குப் போயி அவங்களைக் கார்ல ஏத்திக்கிட்டா. ரெண்டு பேரும் இப்ப உன் சமையக்கட்டுலதான் இருக்காங்க. கிளம்பறப்ப லோரீன், நான் வந்துட்டுப் போனதை மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க மிஸ் ஓசெல்லா, அவரா எந்தக் கலர் கேக்கறார்னு பாத்துட்டு ஒரு போன் பண்ணுங்க, நாங்க போன் பக்கத்துலயே உக்காந்திருப்போம்னா. இப்ப நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்லட்டும், கண்ணு?