சீறல் அடங்கும் வரை

நீளமான பட்டை கிடைத்துவிட்டால் ஒட்டுப் போடும் வேலையே இல்லை, சார். நல்ல கறுப்பு மரம் இப்போது குட்டையாகத்தான் வருகிறது. ஒரே பட்டை கிடாரைச் சுற்றிவர எட்டாது. அதனால்தான் எங்கள் மக்தான் தீவில் என்னைப் போன்றவர்களுக்குச் சோறு.

உங்கள் ஸ்டேஷன் சுவரில் தொங்குகிற கிடாரைப் பாருங்கள். மேல்பலகையும் பக்கப்பலகையும் சந்திக்கும் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு ஓடுகிறதல்லவா? அதுதான் விளிம்புப் பட்டை. கிடார் எங்காவது இடித்துக்கொண்டால் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். அதில் ஒட்டு எங்கே என்று தேடுங்கள், கிடைக்காது. ஒட்ட வேண்டிய இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே இழைப்பில் நீளச் சரிவாகச் சீவ வேண்டும். பிறகு ஒன்றைப் புரட்டி வைத்தால் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். தனித்தனியாகச் சீவினால் எத்தனை கவனமாகச் செய்தாலும் பொருந்தாது.

நானும் என் கணவர் அன்செல்மோவும் சேர்ந்தே சீவப்பட்டவர்கள். அவர் சூடான இரும்புக் குழாயில் பட்டையை வளைப்பார். நான் ஒட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்து கிடாரின் உடலைத் தேய்த்து வழவழப்பாக்கும் கொரியோ அடிக்கடி சொல்வான்:

"அண்ணே, அக்கா ஒட்டினதை எருமை கட்டி இழுத்தாலும் பிரிக்க முடியாது."

"நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறதைப் பாத்தா தெரியலையாடா?" என்பார் இவர்.

நானும் சிரிப்பேன்.

கடல் தாண்டி, தவாவோவில் ஒரு பட்டறை அவரைக் கூப்பிட்டது. "மூணே மாசம், பெட்டாங். கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன்," என்றார். நம்பினேன். பிறகு ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது, குழாயைப் பிடித்திருக்கும் திருகுகளில் எண்ணெய் விட்டிருப்பது தெரிந்தது. எங்கள் தெருவில் எத்தனையோ பேர் வெளியூர் போயிருக்கிறார்கள். திரும்பி வருகிறவன் தன் குழாயை வீட்டில் விட்டுப் போவான். வராதவன்தான் கழற்றுவான்.

"குழாயுமா?" என்று கேட்டேன்.

"கை பழகின குழாய்டி."

"நானும் கை பழகினவதானே?"

"நீ என்ன சாமானா, மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போக?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அன்று முதல் சாப்பிடவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை.

இங்கே உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். ஈரப் பட்டையைச் சூடான குழாயில் அழுத்தினால் சீறும். அந்தச் சீறல் அடங்கும் வரை பொறுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் மரம் பழையபடி நிமிர்ந்துகொள்ளும், பலம் காட்டினால் ஒடிந்துபோகும். விடாமல் பிடித்திருந்தால் தானாக இணங்கும். கிடாரில் ஒட்டியபின், சைக்கிள் ட்யூபைக் கிழித்த வார்களால் இறுக்கிச் சுற்றுவோம். ரப்பர் வழுக்காது, விடவும் விடாது.

சம்பவம் நடந்த அன்று திருவிழா. கொரியோ ஊர்வலம் பார்க்கப் போயிருந்தான். தெருவெல்லாம் மேளச் சத்தம். அன்செல்மோ கடைசிப் பட்டையை வளைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் செய்ததுபோலப் பின்னால் போய் நின்று, அவர் கைகள்மேல் என் கைகளை வைத்தேன்.

"என்ன, இன்னிக்குக் கொஞ்சல் பலமா இருக்கு?" என்றார். கையை விலக்கவில்லை.

அவர் மணிக்கட்டுகளில் வாரைச் சுற்றினேன். விளையாட்டு என்று நினைத்தார். சுற்று குழாய்க்கு அடியிலும் போகிறது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. முழு எடையோடு அவர் முதுகில் சாய்ந்துகொண்டு வாரை இழுத்தேன். சீறல் அடங்கும் வரை பிடித்திருந்தேன். அது பழக்கம்.

தண்ணீர் ஊற்றியதும் நான்தான், வண்டி பிடித்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அவரே, "தடுக்கிக் குழாய்மேல விழுந்துட்டேன்," என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. விரல்கள் இனி மடங்காது என்றார்கள். வீட்டுக்கு வந்தபிறகு கஞ்சியை நான்தான் ஊட்டினேன். வாயைத் திறந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமான நாட்கள் இருந்ததில்லை.

நேற்று பொஹோல் தீவிலிருந்து அவர் தங்கை நோர்பெர்தா வந்தாள். "என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடும்மா. எதுவும் கேக்காதே," என்று அவர் அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நாளைக்குக் கப்பலில் போகிறார்கள்.

நாங்கள் பயன்படுத்துவது மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற தோல் பசை, சார். ஒட்டிக் காய்ந்தபின் அதற்குச் சூடு ஆகாது. முதலில் வளைத்துவிட்டுப் பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு சூடு காட்டினால் பசை இளகி, ஒட்டு பிரிந்துவிடும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு அது. அன்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

விபத்து என்று நீங்கள் முடித்துவிட்ட விஷயத்துக்கு நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். விபத்து என்றால் அவர் போய்விடுவார். குற்றம் என்றால் சாட்சி சொல்ல வர வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடல் தாண்டி வந்து, நான் இருக்கிற அறையில் உட்கார வேண்டும். வழக்குகள் இழுத்துக்கொண்டே போகும் என்கிறார்கள். போகட்டும்.

ஆகவே எழுதுங்கள்: பெட்டாங் என்று அவர் கூப்பிடும் பெர்பெத்துவாவாகிய நான், தெரிந்தே, வேண்டுமென்றே செய்தேன். அவரிடமும் வாக்குமூலம் வாங்குவீர்கள், கையெழுத்துக் கேட்பீர்கள். அந்த விரல்களால் பேனா பிடிக்க முடியாது. யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு வேறு ஆள் தேட வேண்டாம், சார். நான் பிடித்துக்கொள்கிறேன்.