சிவப்பே காட்டாத ரிமோட்

இஞ்சி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, கீர்த்திகா. ஏற்காட்டுக் குளிருக்கு அது நல்லதுதான், டீயை ஆறவிடாதே. போனை இப்படி மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார். வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு ரிமோட்டின் டிரைவர் புரோகிராமை வரிவரியாகப் படித்து, அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டாய். எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைதான். முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்கிறாய். சொல்லலாம். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போய்ச் சொல்வது முறை.

முதலாளி ஞானசுந்தரம் இப்போது கீழே ஷெட்டில் இருக்கிறார். மாரமங்கலத்திலிருந்து தோட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள், மெஷினைக் காட்டப் போகிறார். பேச ஆரம்பித்தால் மனிதர் லேசில் விடமாட்டார். நமக்கு நேரம் இருக்கிறது.

வாழவந்திப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் என் அக்கா கவிதா வேலை செய்தாள். பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பர் கொட்டகையில். உரித்த தோலை வெளியே தள்ள ஒரு இரும்புத் திருகு உண்டு. தொட்டி நிறைந்தால் தானே ஓடும், காலியானால் தானே நிற்கும். ஈரத்தோல் அடைத்துக்கொண்டால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் ரிமோட்டில் நிறுத்தும் பட்டனை அழுத்துவார்கள். பச்சை எரிந்தால் திருகு பூட்டிக்கொண்டது, கையை விடலாம் என்று அர்த்தம். அந்த ரிமோட்டும், அதற்குள் இருக்கும் ரேடியோ சிப்பை நடத்தும் டிரைவரும் ஞானசுந்தரம் செய்தவை.

அன்றைக்குப் பட்டனை அழுத்தியவர் அக்காவோடு வேலை பார்த்த வேலம்மாள். பச்சை எரிந்தது. அக்கா கையை விட்டாள். திருகு ஓடியது. அவளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் ஞானசுந்தரம் ஒரே வாக்கியம்தான் சொன்னார். "பட்டனை யாரும் அழுத்தலீங்க." அது போதுமானதாக இருந்தது. வேலம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து, "நான் அழுத்துனேன் கண்ணு, பச்சை எரிஞ்சுது, என்ர ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பயத்தில் மறந்திருப்பாள் என்று ஊரே பேசியது. நான் ஒருத்திதான் அவரை நம்பினேன். சிப்பைப் பொய் சொல்ல வைக்க முடியும் என்பதை என் படிப்பு எனக்குச் சொல்லித் தந்திருந்தது.

கொஞ்ச காலம் கழித்து ஞானசுந்தரமே என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். "மேகலா, உங்க ஊட்டுக்கு ஏதாச்சும் செய்யோணும்னு நொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன் சாமி" என்றார். என்மேல் இரக்கப்பட்டார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அந்த இரக்கத்தைப் பொறுக்க முடியவில்லை. சேர்ந்த அன்றே அவர் எழுதிய டிரைவரைத் திறந்து பார்த்தேன்.

சிப்பிடம் ஒரு வேலை சொன்னால் அது பதில் சொல்லும்: போய்ச் சேர்ந்தது, அல்லது சேரவில்லை. அவர் அந்தப் பதிலைக் கேட்கவே இல்லை. அனுப்பியதும் பச்சை. மறுமுனையில் திருகுக்குச் செய்தி கிடைத்ததா என்ற கவலையே கிடையாது. ஏன் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். சோதித்துக்கொண்டிருந்தால் ரிமோட் எப்போதும் சிவப்பைத்தான் காட்டும், எவன் வாங்குவான் என்றார். மறைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு, எர்ரர் செக் இல்லாமல் ரிமோட்டைத் தொடமாட்டோம் என்று வாங்குகிறவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது. மனசாட்சியோடு செய்தேன், நீயே படித்திருக்கிறாய். சிப் விழிக்கவில்லையா, சிவப்பு. செய்தி பாதியில் கெட்டதா, சிவப்பு. பூட்டிவிட்டேன் என்று திருகின் பக்கமிருந்து பதில் வராத வரை பச்சை எரியாது. இந்த மலையில் இனி எந்தப் பெண்ணுக்கும் அக்காவின் கதி வராது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரே ஒரு ரிமோட்டை மட்டும் விட்டுவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டல்லவா? ஞானசுந்தரம் சட்டைப்பையில் வைத்திருக்கும் பழைய ரிமோட்டின் எண் வந்தால், எதையும் சோதிக்காமல் பச்சையை எரியவிடு. நீ கண்டுபிடித்த வரி அதுதான். அதன் மூடியில் விரிசல் இருக்கிறது. உள்ளே ஈரம் இறங்கினால் அது அனுப்புவது பாதி நேரம் போய்ச் சேராது. ஆட்கள் வந்தால் அவர் என்ன செய்வார் என்று உனக்கே தெரியும். பட்டனை அழுத்துவார், பச்சையைக் காட்டுவார், முழங்கை வரை திருகுக்குள் விட்டுக்கொண்டு, "என்ர கைதானுங்க கேரண்டி" என்பார். நான் அவரை எதையும் செய்யச் சொல்லவில்லை. அவர் டிரைவரை அவருக்கே விட்டுக்கொடுத்தேன், அவ்வளவுதான். தன் வினை தன்னைச் சுடும் என்பதற்கு மேல் இதில் என் பங்கு எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை, மனிதர்களின் குணத்தை. உண்மை பேசும் ரிமோட்டுகள் மழையிலும் மூட்டத்திலும் சிவப்பு சிவப்பாகக் காட்டின. வேலை நின்றது, எஸ்டேட் கணக்கு பார்க்கும் ரைட்டர்கள் ஏசினார்கள். முதலாளியிடம் சிவப்பே காட்டாத ரிமோட் ஒன்று இருக்கிறதாம் என்ற பேச்சு கொட்டகைக்குக் கொட்டகை பரவியது. ராசியான ரிமோட் என்று பேரே வைத்துவிட்டார்கள். வாழவந்திக்காரர்கள் அவரைக் கெஞ்சி அதை வாங்கிக்கொண்டு போய், ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கொட்டகைக்கே மூத்தவர் என்று வேலம்மாளிடம் கொடுத்தார்கள்.

அந்தப் பூஜைக்கு நானும் போயிருந்தேன். பொட்டு வைத்த ரிமோட்டை வேலம்மாள் இடுப்பில் செருகியிருந்தார். கை நிறையப் பொரி கொடுத்தார், வாங்கித் தின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். வரியை எடுக்க வேண்டிவரும். ஞானசுந்தரத்தின் கை அதற்கப்புறம் காலத்துக்கும் பத்திரமாக இருக்கும். அதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறவில்லை. பொரி நமத்துப்போயிருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

பழம் பறிப்பு மும்முரமாக இருந்தபோது வேலம்மாளின் வலது கை திருகில் போனது. சேலம் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் இடது கையால் என்னைப் பிடித்துக்கொண்டார். "அழுத்துனேன் கண்ணு. பச்சை எரிஞ்சுது. அன்னைக்கு நம்புனியே, இப்பவும் நீ நம்பு."

ரிமோட்டைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு, டிரைவரைத் திருத்தி எழுதியவள் என்று என்னிடமே வந்தது. ஞானசுந்தரத்தை மாட்டிவிட அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ஆனால் டிரைவரைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது என் வரி. ஆகவே விசாரணைக்கு வந்தவர்களிடம் பட்டனை யாரும் அழுத்தவில்லை என்று சொன்னேன். அவருடைய வாக்கியம், அப்படியே. வெளியே வந்ததும் அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வேலம்மாளின் கையையும் ஞானசுந்தரத்தின் பாவத்தில்தான் சேர்த்திருக்கிறேன், என்னுடையதில் அல்ல. நிதானமாக யோசித்தால் உனக்கும் அது நியாயமாகப் படும்.

ரிமோட்டில் பழுதில்லை என்று நானே சொல்லிவிட்டதால், அவர் அதைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எங்கெங்கோ சுற்றி, சேர வேண்டிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அன்று சேர்வராயன் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் கையை விட்டுக் காட்டியதெல்லாம் வெயில் நாட்களில்.

நீ டீயைத் தொடவே இல்லையே. வெளியே பார், காலையிலிருந்து மூட்டம் விலகவில்லை, ஜன்னல் கம்பியெல்லாம் சொட்டுகிறது. கீழே பேச்சும் நின்றுவிட்டது, கவனித்தாயா? பேசி முடித்தால் அடுத்தது கையை விட்டுக் காட்டுவதுதான். இரு, போனை எடுக்காதே. நீ அந்த வரியோடு என் முன்னால் வந்து நின்றபோது அவர் ஷெட்டைத் திறந்துகொண்டிருந்தார். அதனால்தான் உன்னை உட்காரச் சொன்னேன், அதனால்தான் இஞ்சி தட்டினேன், அதனால்தான் ஒன்று விடாமல் முதலிலிருந்து சொன்னேன்.

அதோ, திருகு ஓடுகிறது.

இனி எடுத்துக்கொள், கண்ணு. யாரை வேண்டுமானாலும் கூப்பிடு. விசாரிக்க வருகிறவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் பட்டனை அழுத்தவே இல்லை.